எக்ஸ்ரேயில் எலும்பு நகர்ந்திருந்தால்: அப்படியே விடுவதா, உடற்பயிற்சியா, ஸ்குரூவா?

‘எல்4 முள்ளெலும்பு எல்5 மீது 4 மி.மீ. முன்னகர்ந்துள்ளது, குனிந்து நிமிரும்போது அசைவு கூடுதல்.’ எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகள். எக்ஸ்ரே அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்துவிட்டால், அதைப் படித்தவரின் நடையே அன்று மாலைக்குள் மாறிவிடும். குனியப் பயப்படுவார். பேரக்குழந்தையைத் தூக்க மறுப்பார். பெல்ட் வாங்கக் கடைக்குப் போவார். கீல் தளர்ந்த கதவைப் போலத் தன் முதுகு ஆடிக்கொண்டிருப்பதாக அவர் மனத்தில் ஒரு படம் விழுந்துவிடுகிறது. முந்தைய நாள் வரை அதே முதுகை வைத்துக்கொண்டுதான் அவர் தண்ணீர்க் குடம் தூக்கினார் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அந்த வரிக்குப் பிறகு அவர் முன் வைக்கப்படும் வழிகள் பெரும்பாலும் நான்கு. தனிச் சிகிச்சை எதுவுமின்றி வழக்கமான நடமாட்டத்தோடு இருப்பது, பிசியோதெரபி, நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை மட்டும் நீக்கும் அறுவை, அதோடு ஸ்குரூவும் கம்பியும் வைத்து இரண்டு எலும்புகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் அறுவை, அதாவது ஃப்யூஷன். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கில் எது உங்களுக்கு என்பதைத் தீர்மானிக்கும் தகுதி, படத்தில் தெரியும் அசைவுக்குப் பெரும்பாலும் இல்லை. உங்கள் கால் என்ன சொல்கிறது, அதாவது காலில் வலியோ மரத்துப்போதலோ இருக்கிறதா என்பதற்கு உண்டு.

அந்த மில்லிமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். குனிந்த நிலையில் ஒரு பக்கவாட்டுப் படம், பின்னால் வளைந்த நிலையில் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு எலும்பு எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது. ஸ்வீடனின் கதிரியக்க மருத்துவர் நுட்சன் 1944-ல் இதைப் பற்றி எழுதினார். அதிலிருந்து 3 மி.மீ. என்ற எல்லை பரவியது. பிறகு வந்தவர்கள் 4 என்றார்கள், 4.5 என்றார்கள், எலும்பின் அகலத்தில் 15 சதவீதம் என்றார்கள். முதுகெலும்பு ஆய்வாளர்களான வைட், பஞ்சாபி இருவரும் கோணத்துக்கும் எல்லை வகுத்தார்கள்: இடுப்பு முதுகெலும்பின் மேல் மூட்டுகளில் 15 பாகை, எல்4-எல்5 இடையில் 20, அதற்குக் கீழே 25. எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆளின் முதுகு ஒரு மருத்துவமனையில் உறுதியானதாகவும் அடுத்த மருத்துவமனையில் உறுதியற்றதாகவும் ஆகிவிடலாம்.

அவர்கள் இருவரும் சொன்ன வரையறை வெறும் எண்ணோடு நிற்கவில்லை என்பது பலருக்கும் மறந்துவிட்டது. அன்றாடச் சுமையைத் தாங்கும்போது நரம்புக்குச் சேதம் வராமல், முதுகு கோணாமல், முடக்கிப்போடும் வலி இல்லாமல் தன் அமைப்பைக் காத்துக்கொள்ளும் திறனை முதுகெலும்பு இழப்பதையே அவர்கள் மருத்துவ ரீதியான நிலையின்மை என்றார்கள். அதாவது படமும் ஆளும் சேர்ந்தால்தான் நோய். 1992-ல் பஞ்சாபி இன்னும் ஒரு படி போனார். எலும்பு, எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு, தசைநார் ஆகியவை ஒரு பகுதி. அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் இரண்டாவது. தசைகளை வேளையறிந்து இயக்கும் நரம்புக் கட்டுப்பாடு மூன்றாவது. ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டும் ஈடுகட்ட முடியும் என்றார். எக்ஸ்ரே காட்டுவது இந்த மூன்றில் முதலாவதை மட்டும்.

வலியே இல்லாதவர்களைக் குனியவும் நிமிரவும் வைத்துப் படம் எடுத்தால் என்ன தெரியும்? 1989-லும் 1990-லும் அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். நலமாக இருந்தவர்களிடமும் எலும்புகள் 3 மி.மீ. வரை நகர்வது சாதாரணமாகத் தெரிந்தது. சிலரிடம் அதற்கு மேலும். அப்படியானால் 3 மி.மீ. என்ற எல்லையை வைத்து ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்துவது எப்படி? இரண்டு படங்களிலும் எலும்பின் ஓரத்தில் கோடு போட்டு அளப்பதில் வரும் பிழையே ஓரிரு மி.மீ. இருக்கும். ஆள் சற்றுத் திரும்பி நின்றால் கோடு தள்ளிப்போகும். எக்ஸ்ரே குழாய்க்கும் ஆளுக்கும் இடையிலான தூரம் மாறினால் படம் பெரிதாகும். இதையெல்லாம் கழித்துவிட்டு 4 மி.மீ. என்ற எண்ணைப் பார்த்தால் அதன் கம்பீரம் பாதி போய்விடும்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். வலி கடுமையாக இருப்பவர் குனியவே மாட்டார். முதுகுத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு மூட்டை மட்டும் மடக்கிவிட்டுக் குனிந்ததாகக் காட்டிக்கொள்வார். படம் ‘அசைவு இல்லை’ என்று சொல்லும். அசைவைப் பார்க்கவென்றே எடுக்கும் படம், மிக அதிகமாக வலிப்பவரிடம்தான் மிகக் குறைவாகக் காட்டுகிறது.

எலும்பு ஏற்கெனவே நழுவி நிற்பது, அதாவது ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ், இதைவிடக் கெட்டியான கண்டுபிடிப்பு அல்லவா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆமாம். ஆனால் 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 50 வயதில் 14 சதவீதம் பேருக்கும், 60-ல் 23 சதவீதம் பேருக்கும், 80-ல் பாதிப் பேருக்கும் ஏதோ ஓரிடத்தில் எலும்பு நழுவல் இருந்தது. யாருக்கும் வலி இல்லை. நரை விழுவதைப் போன்ற இந்த மாற்றத்தை அறுபது வயதில் வலியோடு வருபவரிடம் கண்டால், வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிடுவது எளிது. நிரூபிப்பது கடினம்.

படம் வேண்டவே வேண்டாமா? அப்படியில்லை, எந்தப் படம், எப்போது என்பதுதான் கேள்வி. புதிதாக வந்த வெறும் இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுப்பதால் பயன் இல்லை. பிரிட்டனில் 421 பேரை வைத்து நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்கள் மூன்றாவது மாதத்தில் மற்றவர்களைவிடச் சற்று அதிக வலியையே சொன்னார்கள். ஆனால் சிகிச்சை திருப்தி தந்தது என்றும் அவர்கள்தான் சொன்னார்கள்! மருத்துவர்கள் ஏன் இன்னும் எழுதிக்கொடுக்கிறார்கள் என்பதற்கான விடை அந்த இரண்டாவது வரியில் இருக்கிறது. இடுப்புப் பகுதிக்கான எக்ஸ்ரேயின் கதிரளவு மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குனிந்து, நிமிர்ந்து என்று கூடுதல் படங்கள் எடுத்தால் அது இன்னும் ஏறும்.

படம் தேவைப்படும் நிலை வந்தால், என் தேர்வு நின்றபடி எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றும், படுத்த நிலையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்றும். படுக்கும்போது நழுவிய எலும்பு பலருக்குத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அதனால் எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பினால் நழுவலே கண்ணில் படாமல் போகலாம். நின்ற படத்தில் 7 மி.மீ. நழுவல், படுத்த படத்தில் 2 மி.மீ. என்று இருந்தால் அசைவு எவ்வளவு என்பது குனிந்து நிமிராமலே தெரிந்துவிடுகிறது. வலியோடு இருப்பவரை வளைக்கவும் வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ.யில் பின்புற மூட்டுகளுக்குள் நீர் கோத்திருந்தால் அதுவும் அந்த இடத்தில் அசைவு கூடுதல் என்பதற்கு ஒரு குறிப்பு. குனிந்து நிமிரும் படங்கள், அறுவை செய்யலாம் என்று பேச்சு எழுந்த பிறகு, அறுவைக்கு முன் எடுத்தால் போதும்.

கையால் சோதித்து அறிய முடியாதா என்றும் சிலர் கேட்பார்கள். குப்புறப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் நேராக நீட்டியபடி சுமார் ஒரு அடி உயரம் தூக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றை ஜப்பானியர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். அப்படித் தூக்கும்போது இடுப்பில் கடும் வலியோ பாரமோ தோன்றி, இறக்கினால் மறைந்தால் அது நேர்மறை. 122 பேரில் சோதித்ததில், நிலையின்மை உள்ளவர்களில் 84 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது, இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. நல்ல எண்கள்தான். ஆனால் எதை வைத்து இந்தச் சோதனை சரி என்று முடிவு செய்தார்கள்? எக்ஸ்ரேயை வைத்து. எக்ஸ்ரேயே வலியோடு ஒட்டாதபோது, எக்ஸ்ரேயைச் சரியாக ஊகிக்கும் கைச் சோதனையால் எனக்கு என்ன லாபம் என்று நோயாளி கேட்டால் பதில் சொல்வது சிரமம். பிசியோதெரபி செய்பவர் எந்த அசைவு வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்று அறிந்துகொள்ள இது உதவும். அந்த மட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இனி வழிகளை ஒப்பிடுவோம். பேசப்போவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நோயாளியைப் பற்றி: ஐம்பதைத் தாண்டியவர், பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், தேய்மானத்தால் எல்4-எல்5 இடையில் முதல் நிலை நழுவல், அதாவது எலும்பின் அகலத்தில் கால்பங்குக்குள்.

அவர் ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு ஜப்பானிலிருந்து ஓர் அரிய பதில் உண்டு. அறுவை செய்துகொள்ளாத 145 பேரைக் குறைந்தது பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு நழுவல் கூடியது. ஆனால் நழுவல் கூடியதற்கும் உபாதை கூடியதற்கும் தொடர்பு இல்லை. தொடக்கத்தில் நரம்புப் பாதிப்பு இல்லாதவர்களில் 76 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் அப்படியே இருந்தார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: இரண்டு எலும்புகளுக்கும் இடையிலான தட்டு தேய்ந்து இடைவெளி சுருங்கியவர்களுக்கு முதுகு வலி குறைந்தது. தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் அஞ்சுகிறோம். இங்கே அதுவே எலும்பை இறுக்கிப் பிடித்து அசைவை அடக்குகிறது. அதே ஆய்வின் இன்னொரு முகமும் உண்டு. நடக்கும்போது கால் மரத்துப்போவது, சிறுநீர்க் கோளாறு போன்ற நரம்பு உபாதைகள் இருந்தும் அறுவையை மறுத்தவர்களில் பெரும்பாலோர் மோசமானார்கள். ஆக, விட்டுவிடுவது என்பது முதுகு வலி மட்டும் உள்ளவருக்கு நல்ல வழி. நூறு அடி நடந்தால் உட்கார இடம் தேடுபவருக்கு அது வழியே இல்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். வயிற்றின் ஆழத் தசைகளையும் முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசையையும் தனியாக இயக்கக் கற்றுக்கொடுக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் எலும்பு நழுவல், எலும்புக் கீறல் உள்ள 44 பேரிடம் சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள். வலியும் இயலாமையும் குறைந்தன. முப்பது மாதம் கழித்தும் பலன் நின்றது. எலும்பு இடம் மாறவில்லை என்றாலும் வலி குறைந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பஞ்சாபி சொன்ன ஈடுகட்டுதல் இதுவாக இருக்கலாம். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்த பிந்தைய தொகுப்பாய்வுகளில் இந்தத் தனிப்பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மேலாக இல்லை. என் யோசனை: தனிப்பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபி நிபுணர் அருகில் இருந்தால் போங்கள், இல்லையென்றால் நடை, நீச்சல், படிப்படியாகக் கூட்டும் பாரப் பயிற்சி என்று எதை மூன்று மாதம் விடாமல் செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். எலும்பு ஆடுகிறது என்ற பயத்தில் உடலை அசைக்காமல் வைப்பதைவிட மோசமான தேர்வு இந்தப் பட்டியலில் இல்லை. பெல்ட், நீண்ட பஸ் பயணத்துக்கும் வலி கூடிய சில நாட்களுக்கும் ஆறுதல் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அறுவை என்று வரும்போதுதான் எக்ஸ்ரேயின் அசைவுக்கு உண்மையான விலை பேசப்படுகிறது. ‘எலும்பு ஆடுகிறது, அதனால் ஸ்குரூ போட்டே ஆக வேண்டும்’ என்ற வாதம் நெடுங்காலம் கேள்வியின்றி நின்றது. நரம்பின் மேலுள்ள எலும்பையும் தசைநாரையும் எடுத்துவிட்டால் ஏற்கெனவே தளர்ந்த மூட்டு இன்னும் நழுவும் என்பது அதன் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

அழுத்தம் மட்டும் நீக்குவதையும் ஃப்யூஷனையும் ஒப்பிட்டு 2016-ல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்து இருவேறு திசையில் பேசின. அமெரிக்க ஆய்வில் 66 பேர். இரண்டாண்டு முடிவில் பொது உடல்நல மதிப்பெண்ணில் ஃப்யூஷன் செய்துகொண்டவர்கள் சற்று முன்னால் இருந்தார்கள். முதுகு வலி தொடர்பான இயலாமை அளவீட்டில் தெளிவான வேறுபாடு இல்லை. மறு அறுவை, அழுத்தம் மட்டும் நீக்கியோரில் 34 சதவீதம், ஃப்யூஷன் செய்தோரில் 14. ஸ்வீடன் ஆய்வில் 247 பேர். இரண்டு ஆண்டிலும் ஐந்து ஆண்டிலும் வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் தங்கியதில் மட்டும் வேறுபாடு: அழுத்தம் மட்டும் நீக்கியோர் சராசரி 4.1 நாள், ஃப்யூஷன் செய்தோர் 7.4 நாள். முதல் ஆய்வைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: குனிந்து நிமிரும் படத்தில் 3 மி.மீ.க்கு மேல் அசைவு உள்ளவர்களை அவர்கள் சேர்க்கவே இல்லை. ஃப்யூஷனுக்குச் சாதகமாகப் பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வு, எலும்பு ஆடாதவர்களிடம் நடந்தது. எலும்பு ஆடுகிறது என்று சொல்லி அந்த ஆய்வைக் காட்டுவது பொருந்தாது.

ஐந்து ஆண்டு கழித்து நார்வே வந்தது. 267 பேர், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் நழுவல், கால் வலி உள்ளவர்கள். அசைவு இருக்கிறது என்பதற்காக யாரையும் விலக்கவில்லை. இயலாமை 30 சதவீதமாவது குறைந்தவர்கள், அழுத்தம் மட்டும் நீக்கிய குழுவில் 71.4 சதவீதம், ஃப்யூஷன் குழுவில் 72.9. மறு அறுவை முதல் குழுவில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 9.1. ஐந்தாண்டுத் தொடர்ச்சியிலும் சிறிய அறுவை பெரிய அறுவைக்குப் பின்தங்கவில்லை. என் கணிப்பில் இதுதான் இன்றைய தேதியில் மிக அதிக எடை உள்ள சான்று. இதன்படி, முதல் நிலை நழுவலோடு கால் வலி உள்ளவருக்கு, அசைவு சில மி.மீ. இருந்தாலும், தொடக்கத்தில் அழுத்தம் நீக்கும் அறுவை மட்டும் போதும் என்பதே இயல்பான தேர்வு. நார்வேயில் நடுக்கோட்டுத் தசைநார்களையும் பின்புற மூட்டுகளையும் காப்பாற்றும் வகையில் அறுவை செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் அகலமாக வெட்டியெடுக்கும் பழைய முறைக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆகவே அறுவை நிபுணரிடம் கேட்க வேண்டியவை: ‘எவ்வளவு எலும்பை எடுப்பீர்கள்? மூட்டில் எத்தனை பங்கு மிஞ்சும்?’

ஃப்யூஷனுக்கு இடமே இல்லையா? உண்டு. நின்ற படத்துக்கும் படுத்த படத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு. இரண்டாம் நிலைக்கு மேல் நழுவல். நரம்புத் துளையே சரிந்து அடைபட்டு, எலும்பைத் தூக்கி நிறுத்தாமல் நரம்பை விடுவிக்க முடியாத நிலை. இப்படிப்பட்டவர்களுக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். படத்தின் அசைவுக்குப் ‘பெரும்பாலும்’ தகுதி இல்லை என்று முதலில் சொன்னேனே, அதற்கு விதிவிலக்கான ஒரு குறுகிய இடம் இதுதான்: அறுவை உறுதியான பிறகு, எந்த அறுவை என்று தேர்வதற்கு அசைவு ஒரு குரல் கொடுக்கிறது. அறுவை தேவையா என்பதைச் சொல்லும் குரல் அதற்கு இல்லை.

இளம் வயதினரின் எல்5-எஸ்1 நழுவல், அதாவது கடைசி இடுப்பு முள்ளெலும்பு அதன் கீழுள்ள எலும்பின் மீது நழுவுவது, வேறு கதை. எலும்பின் பின்வளைவில் கீறல் விழுந்து வரும் அதை, தேய்மான நழுவலோடு குழப்பக் கூடாது. மக்களில் ஏறத்தாழ 6 சதவீதம் பேருக்கு அந்தக் கீறல் இருக்கிறது. பலர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆனால் அதனால் கடும் உபாதைப்பட்டு வந்த 111 பேரிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வில், இரண்டாண்டில் ஃப்யூஷன் உடற்பயிற்சியைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த முன்னிலை தேய்ந்தது. இந்தக் கூட்டத்தில் ஃப்யூஷனை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன்.

நழுவல் இல்லை, கால் வலி இல்லை, வெறும் இடுப்பு வலி, அறிக்கையில் ‘நிலையின்மை’ என்ற சொல் மட்டும் என்றால் ஸ்குரூவுக்கு மிகக் கடுமையாக வாதாட வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 349 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு, தீவிர மறுவாழ்வுப் பயிற்சியைவிட ஃப்யூஷன் மேல் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று முடித்தது. செலவையும், அறுவையின் ஆபத்தையும், இணைத்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் பின்னாளில் தேயக்கூடும் என்பதையும் தட்டில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், பாதம் தொங்கிவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுந்து அடிபட்டவர்கள், முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், இடுப்பு வலியோடு காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் உள்ளவர்கள் ஆகியோருக்குப் படம் உடனே வேண்டும். கடைசியாகச் சொன்னவர்களுக்கு, முதுகெலும்புக் காசநோய் இன்னும் சாதாரணமாகக் காணப்படும் இந்தியாவில், எக்ஸ்ரேயோடு நிற்காமல் எம்.ஆர்.ஐ.யும் ரத்தப் பரிசோதனையும் அந்த வாரத்திலேயே செய்துவிட வேண்டும். காசநோய் தொடங்கிய முதல் வாரங்களில் எக்ஸ்ரே எதையும் காட்டாமல் சுத்தமாகவே இருக்கும்.